வெந்தால்தான் எடுக்கலாம்: டிலே க்யூ, ஓர் எளிய அறிமுகம்

வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூர் மடிவாளாவில் பையும் கையுமாக நின்றவர்களுக்குத்தான் ஊர் பஸ்ஸில் ஒரு ஜன்னல் சீட்டின் மதிப்பு தெரியும். பொங்கலுக்கு முந்தைய வாரம் என்றால் சொல்லவே வேண்டாம். போனில் சீட்டைத் தொட்டு, பெயர், வயது எல்லாம் அடித்து, பணம் கட்டும் பக்கத்துக்குப் போனதும் மேலே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓட ஆரம்பிக்கும். பத்து நிமிடம் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை அந்த சீட் உங்களுக்காகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கும், வேறு யாருக்கும் காட்டாது. ஓடிபி வராமல் நீங்கள் வெறுத்துப்போய் போனைக் கீழே வைத்துவிட்டால், பத்து நிமிடம் கழிந்ததும் சீட் மறுபடி எல்லோருக்கும் தெரிய ஆரம்பிக்கும்.

அப்படி விடுவிப்பது யார்? பத்து நிமிடம் ஆயிற்று என்று அந்தக் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது? ஒரே நேரத்தில் ஐயாயிரம் பேர் ஐயாயிரம் சீட்டைப் பிடித்து வைத்திருந்தால்?

இதைக் கேட்டவன் என் சித்தி மகன். தென்காசியிலிருந்து பெங்களூர் வந்து மூன்று மாதம் ஆகிறது, பிடிஎம் லேஅவுட்டில் ஒரு பிஜியில் இருக்கிறான். வேலையில் பயிற்சிக்காக ஒரு சின்ன டிக்கெட் பதிவு நிரலை ஜாவாவில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் முருகேஷ்பாளையத்தில் நாகர்கோவில்காரர் ஒருவர் நடத்தும் மெஸ்ஸில் இருவரும் சாப்பிடுவது வழக்கம். புட்டு வரும்வரை பேசினோம். அவன் கேள்விக்கு நான் சொன்ன விடை டிலே க்யூ, ஜாவாவோடு வரும் ஒரு தாமத வரிசை. அந்தப் பேச்சைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். ஜாவா கொஞ்சம் தெரிந்தால் போதும். த்ரெட் என்றால் நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலையாள் என்ற அளவுக்குப் புரிந்திருந்தாலே தொடரலாம்.

"ஸ்லீப் போட்டாப் போதாதாண்ணே?" என்றான் முதலில்.

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், நானும் கேட்டிருக்கிறேன். சீட்டைப் பிடித்ததும் ஒரு த்ரெட்டைக் கிளப்பி, பத்து நிமிடம் தூங்கு, எழுந்ததும் சீட்டை விடுவி என்று சொல்லிவிடலாம். வேலை செய்யும். ஆனால் ஐயாயிரம் சீட்டுக்கு ஐயாயிரம் த்ரெட். ஜாவாவின் சாதாரண த்ரெட் ஒவ்வொன்றும் ஸ்டாக் என்ற தன் வேலை நினைவிடத்துக்கென்று 64 பிட் லினக்ஸில் வழக்கமாக 1 எம்பி முகவரி இடத்தை ஒதுக்கிக்கொள்ளும். தூங்குவதற்கென்றே ஐயாயிரம் பேரைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பது போன்ற ஏற்பாடு இது. 2023இல் ஜாவா 21 வந்த பிறகு விர்ச்சுவல் த்ரெட் என்று ஒன்று கிடைத்திருக்கிறது, அதில் தூங்குவது மிக மலிவு. அதனால் செலவு என்ற வாதம் முன்போல அவ்வளவு வலுவாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஐயாயிரம் பேர் எங்கெங்கோ தனித்தனியாகத் தூங்கினால், இப்போது எத்தனை சீட் பிடிபட்டிருக்கிறது, அடுத்து எது விடுபடும் என்று கேட்க ஓர் இடம் இருக்காது.

இரண்டாவது வழி, ஒரே ஒரு த்ரெட். விநாடிக்கு ஒரு தடவை எழுந்து, பட்டியல் முழுவதையும் நடந்து பார்த்து, நேரம் முடிந்ததை எல்லாம் விடுவிக்கும். இதை யாரும் கேவலமாக நினைக்க வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு முறை டேட்டாபேஸில் ஒரு கேள்வி போட்டு விடுவிக்கும் அமைப்புகள் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஐம்பது சீட்டுக்கு நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் அடிக்கடி எழுந்தால் வேலை வீண், அரிதாக எழுந்தால் சீட் தாமதமாக விடுபடும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

இரண்டு வழியிலும் காத்திருப்பது வேலையாளின் பொறுப்பாக இருக்கிறது. எவ்வளவு நேரம் என்ற தகவலும் அவன் கையில்தான். அந்தத் தகவலை அவனிடமிருந்து எடுத்துப் பொருளின் மேலேயே எழுதி ஒட்டிவிட்டால் என்ன? ஜாவாவின் டிலே க்யூ செய்வது அதைத்தான்.

அதற்கு முன் ப்ளாக்கிங் க்யூ பற்றி இரண்டு வரி. ஒரு பக்கம் பொருளைப் போடும் த்ரெட்கள், மறுபக்கம் எடுக்கும் த்ரெட்கள், நடுவில் ஒரு வரிசை. எடுக்க வந்தவன் வரிசை காலியாக இருந்தால் அங்கேயே படுத்துவிடுவான், ஏதாவது வந்ததும் எழுப்பப்படுவான். வரிசைக்கு அளவு வைத்திருந்தால், அது நிரம்பியதும் போட வந்தவனும் நின்று காத்திருப்பான். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடும்படி லாக் போடுவது, எழுப்புவது எல்லாம் வரிசையின் உள்ளேயே நடந்துவிடும். நாம் கையால் எழுதித் தப்பு செய்ய இடமில்லை. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆஸ்விகோ வளாகப் பேராசிரியர் டக் லீ தலைமையில், பல த்ரெட்கள் சேர்ந்து வேலை செய்வதற்காக உருவான கன்கரன்சி தொகுப்பு, 2004இல் ஜாவா 5இல் சேர்ந்தபோது இந்த வகை வரிசைகளும் கூடவே வந்தன. டிலே க்யூவும் அப்போதே வந்ததுதான்.

டிலே க்யூ என்பது ஒரு ப்ளாக்கிங் க்யூ, கூடவே ஒரு நிபந்தனை: உள்ளே போட்ட பொருளுக்கு நேரம் வந்தால்தான் வெளியே எடுக்க முடியும். வரிசை காலியாக இல்லாவிட்டாலும், இருக்கும் எதற்கும் நேரம் வரவில்லை என்றால் எடுக்க வந்தவன் காத்திருக்க வேண்டியதுதான். முதலில் போட்டது முதலில் வரும் என்பதும் இங்கே கிடையாது. யாருடைய நேரம் முதலில் முடிகிறதோ அதுதான் தலையில் நிற்கும்.

உள்ளே போடும் பொருள் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்ததாக இருக்க வேண்டும். முதல் கேள்வி, "உனக்கு இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி?" இது கெட்-டிலே என்ற மெத்தட். எத்தனை மணிக்கு என்று இது கேட்பதில்லை, பாக்கி எவ்வளவு என்றுதான் கேட்கிறது. அதனால் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் பதில் குறைந்துகொண்டே வரும், பூஜ்யமோ அதற்குக் கீழோ போனால் பொருள் தயார். இரண்டாவது கேள்வி, "நீயும் இவனும் நின்றால் யார் முன்னே?" அது கம்பேர்-டு. இரண்டு பதிலும் ஒத்துப்போக வேண்டும். பாக்கி நேரம் ஒன்று சொல்ல, வரிசை முறை வேறொன்று சொன்னால், வெந்தது அடியிலும் வேகாதது மேலேயும் போய் நிற்கும்.

நம் சீட் விஷயத்தில் பொருள் என்பது சீட் எண், பிடித்தவர் யார், முடியும் நேரம் மூன்றும் சேர்ந்த ஒரு துண்டுச்சீட்டு. யாராவது சீட்டைப் பிடித்தால் இந்தத் துண்டுச்சீட்டை எழுதி வரிசையில் போடு. மறுபக்கம் ஒரே ஒரு த்ரெட், முடிவில்லாத சுற்றில், "எடு, விடுவி, எடு, விடுவி" என்று ஓடட்டும். எங்கும் ஸ்லீப் இல்லை, பட்டியலை நடந்து பார்ப்பதும் இல்லை.

எடுக்கும் வழிகளில் ஒரு குழப்பம் வரும். டேக் என்று கேட்டால், தலையில் நிற்பதற்கு நேரம் வரும்வரை அங்கேயே காத்திருந்து வாங்கிக்கொண்டுதான் திரும்புவான். போல் (poll) என்று கேட்டால் எட்டிப் பார்ப்பது போல. நேரம் வந்தது இருந்தால் எடுப்பான், இல்லையென்றால் நல் (null) என்ற வெறுங்கையோடு உடனே திரும்பிவிடுவான். இவ்வளவு நேரம் வரை பார்க்கிறேன் என்று சொல்லியும் போலை அழைக்கலாம். பீக் மட்டும் கொஞ்சம் வில்லங்கமானது. அது மூடியைத் திறந்து பார்ப்பது, வெந்திருக்கிறதா இல்லையா என்ற கவலையே அதற்குக் கிடையாது. நேரம் வராத பொருளையும் எடுத்துக் காட்டும். பீக் ஏதோ கொடுத்தது, ஆகவே போலும் கொடுக்கும் என்று நினைத்து எழுதிய நிரல் நல்லில் முட்டி விழும்.

சைஸும் அப்படித்தான். நேரம் வந்தது, வராதது எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணும். ஐந்து இருக்கிறது என்று சொல்லும், ஒன்றைக்கூட எடுக்க முடியாது. இந்த ஊர்த் தமிழர்களுக்கு இதைப் புரியவைக்க அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையைச் சொன்னால் போதும். 1991இல் நிறுத்திய சிலை 18 ஆண்டு மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. ஊரில் எத்தனை சிலை என்று எண்ணினால் கணக்கில் வரும், பார்க்கப் போனால் சாக்குத் துணிதான். ஆனால் ஒரு வித்தியாசம். அந்தக் காத்திருப்பு என்றைக்கு முடியும் என்று யாருக்கும் தெரியாது. டிலே க்யூவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, பாக்கி எவ்வளவு என்று எந்த நொடியில் கேட்டாலும் பொருள் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு சம்பவம் நடந்த பிறகு விடுவி என்பது போன்ற வேலைகளுக்கு இது கருவி இல்லை.

சமையலறைக்குள் ஒரு பார்வை

உள்ளே எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. நல்லவேளையாக நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அடுப்படி தெரிந்தது. ஒரு கொப்பரையில் இட்லி, இன்னொன்றில் இடியாப்பம், புட்டுக்குழல் இரண்டு. இட்லிக்குப் பன்னிரண்டு நிமிடம், இடியாப்பத்துக்கு ஏழு, புட்டுக்கு ஐந்து என்று வைப்போம். பக்கத்தில் மூன்று பையன்கள், வெந்ததை இறக்கிக் கொண்டுபோய்ப் பரிமாற.

மூன்று பேரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? இடியாப்பத்துக்கு நேரம் வந்ததும் மூவரும் ஒரே சமயத்தில் எழுந்து ஓடுவார்கள். ஒருவன் இறக்குவான், மற்ற இருவரும் அசடு வழியத் திரும்பி வந்து உட்காருவார்கள். த்ரெட்களிலும் இதே கதைதான். எழுந்து, லாக்குக்கு மோதி, ஒன்றும் கிடைக்காமல் மறுபடி தூங்கப் போவது வீண் செலவு.

அதனால் டிலே க்யூ ஒருவனை மட்டும் லீடராக வைக்கிறது. அவன் மட்டும், தலையில் நிற்கும் பொருளுக்கு எவ்வளவு பாக்கியோ அவ்வளவு நேரத்துக்கு அலாரம் வைத்துப் படுக்கிறான். மற்றவர்கள் அலாரமே இல்லாமல் தூங்குகிறார்கள். லீடர் எழுந்து, லீடர் பதவியை விட்டு, பொருளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, உள்ளே இன்னும் ஏதாவது இருந்தால் தூங்குபவர்களில் ஒருவனைத் தட்டிவிட்டுப் போகிறான். எழுந்தவன் அடுத்த பொருளைப் பார்த்து, அதற்கும் நேரம் வந்திருந்தால் எடுத்துக்கொள்கிறான், வராவிட்டால் அவனே புது லீடர்.

இப்போது சுவாரசியமான இடம். அடுப்பில் இட்லி மட்டும் இருக்கிறது, இன்னும் பத்து நிமிடம் பாக்கி. லீடர் பத்து நிமிட அலாரத்தோடு படுத்துவிட்டான். அந்த நேரம் பார்த்து யாரோ புட்டுக்குழலை ஏற்றுகிறார்கள், அது ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். லீடரின் அலாரம் இனிமேல் தப்பு. அவனைத் தூங்கவிட்டால் புட்டு ஐந்து நிமிடம் கூடுதலாக வெந்து கல்லாகிவிடும். ஆகவே புதிதாகப் போட்ட பொருள் நேராகத் தலைக்கே வந்துவிட்டால், வரிசை பழைய லீடரின் பதவியை அழித்துவிட்டுக் காத்திருப்பவர்களில் ஒருவனை எழுப்புகிறது. எழுந்தவன் புட்டைப் பார்த்துப் புது அலாரம் வைக்கிறான். புதிதாகப் போட்டது தலைக்கு வராமல் பின்னால் எங்கோ போய் நின்றால் யாரையும் எழுப்புவதில்லை, தேவையும் இல்லை. நான் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அண்ணாச்சி, "ஏலே, புட்டு ஆயிட்டு, எவம்ல நிக்கது அங்கே?" என்று கத்தினார். இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

தலையில் யார் என்று தெரிந்துகொள்ள உள்ளே இருப்பது ஒரு ஹீப். எல்லாப் பொருளையும் முழுசாக வரிசைப்படுத்தி வைக்காது, மிகச் சிறியதை மட்டும் உச்சியில் வைத்திருக்கும். ஒரு லட்சம் துண்டுச்சீட்டு உள்ளே இருந்தாலும் புதிதாக ஒன்றைப் போட 17 ஒப்பீட்டுக்குள் முடிந்துவிடும். பதிலாக, வரிசையை அப்படியே அச்சடித்துப் பார்த்தால் நேர வரிசையில் இருக்காது. ஹீப்பின் தலை மட்டுமே உறுதி. அதைப் பார்த்து வரிசை கெட்டுவிட்டது என்று ஒரு நாள் முழுக்கத் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

நான் பட்ட பாடு

கெட்-டிலே பற்றி ஒரு விஷயத்தை வேண்டுமென்றே தள்ளி வைத்திருந்தேன். வரிசை அந்தக் கேள்வியைக் கேட்கும்போது எந்த அலகில் பதில் வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்கும். உள்ளே அது கேட்பது நானோ விநாடியில். நாம் மில்லி விநாடியில் கணக்கு வைத்திருந்தால் மாற்றிக் கொடுக்க வேண்டும். டைம் யூனிட்டின் கன்வெர்ட் என்ற ஒரு வரி போதும்.

பல வருஷத்துக்கு முன் அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. பத்து நிமிடம் பாக்கி என்றால் 6,00,000 என்று திருப்பிக் கொடுத்தேன், மனதில் மில்லி விநாடி. வரிசை அதை 6,00,000 நானோ விநாடி, அதாவது 0.6 மில்லி விநாடி என்று எடுத்துக்கொண்டது. தூங்கும், உடனே எழும், கேட்கும், இன்னும் இருக்கிறது என்று மறுபடி தூங்கும். விநாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் இந்த நாடகம். நேரம் நெருங்க நெருங்க எண் சிறிதாகும், தூக்கமும் சிறிதாகும். கடைசி விநாடியில் ஒரு மைக்ரோ விநாடிகூடத் தூங்காமல் பேய் மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும்.

கொடுமை என்னவென்றால் விடை சரியாகவே வந்தது. பாக்கி பூஜ்யம் ஆனால் பூஜ்யம்தானே, எந்த அலகில் இருந்தால் என்ன? பொருள்கள் சரியான நேரத்தில் வெளியே வந்தன, டெஸ்ட் எல்லாம் பச்சை. சர்வரில் சிபியு மட்டும் ஏறிக்கொண்டே போனது. யாரும் டிக்கெட் வாங்காத அதிகாலை மூன்று மணிக்கும் அது இறங்கவில்லை. ஒவ்வொரு த்ரெட்டும் அந்த நொடியில் என்ன செய்கிறது என்று காட்டும் த்ரெட் டம்ப் எடுத்துப் பார்க்கும்வரை எனக்குச் சந்தேகமே வரவில்லை. தூங்க வேண்டியவன் ஒவ்வொரு டம்ப்பிலும் விழித்துக்கொண்டு நின்றான். இன்றைக்கும் யாராவது டிலே க்யூ எழுதிக் காட்டினால் நான் முதலில் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான்.

கம்பேர்-டுவிலும் இதே ஜாதிப் பிழை ஒன்று உண்டு. இரண்டு நேரத்தையும் கழித்து, விடையை இன்ட்டாக வெட்டித் திருப்பிக் கொடுப்பது. நானோ விநாடியில் கணக்கு என்றால், வித்தியாசம் சுமார் 2.147 விநாடியைத் தாண்டியதும் இன்ட்டுக்குள் அடங்காது, குறி மாறிவிடக்கூடும். அப்புறம் பெரியது சிறியதாகும். கழித்த விடையை வெட்டாமல், லாங்கின் கம்பேர் மெத்தட்டில் பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் பிரச்சினையே இல்லை.

எந்தக் கடிகாரம் என்பதும் முக்கியம். சுவர்க் கடிகார நேரத்தைத் தரும் கரன்ட்-டைம்-மில்லிஸ், சர்வர் தன் நேரத்தைத் திருத்திக்கொள்ளும்போது முன்னும் பின்னும் குதிக்கக்கூடும். இடைவெளி அளக்க நானோடைம்தான் சரி, அது பின்னால் போகாது. ஆனால் அதன் எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. எங்கிருந்து எண்ண ஆரம்பித்தது என்பது நமக்குத் தெரியாது, இன்னொரு ஜாவா நிரலின் நானோடைமோடு ஒப்பிடவும் முடியாது. ஒரே நிரலின் இரண்டு மதிப்புகளைக்கூட நேரடியாக எது பெரிது என்று பார்க்காமல், கழித்து, விடை பூஜ்யத்துக்கு மேலா கீழா என்று பார்க்க வேண்டும்.

பணம் கட்டிவிட்டார், இப்போது?

இதுவரை கைவிட்டவரைப் பற்றியே பேசினோம். பெரும்பாலானவர்கள் நல்லபடியாகப் பணம் கட்டிவிடுவார்கள். அப்போது வரிசைக்குள் கிடக்கும் அவருடைய துண்டுச்சீட்டை என்ன செய்வது? ரிமூவ் இருக்கிறது, ஆனால் அது ஹீப்பை ஒவ்வொன்றாகத் தேடித்தான் எடுக்கும். லட்சம் இருந்தால் லட்சமும் பார்க்க வேண்டி வரலாம். அதுவரை லாக்கும் அதன் கையில்.

நான் சொல்வது, அதை அப்படியே விட்டுவிடு என்பதுதான். பத்து நிமிடம் கழித்து அதுவாக வெளியே வரும். வந்ததும் எடுத்தவன் ஒரு கேள்வி கேட்கட்டும்: "இந்த சீட் இன்னும் பிடித்து வைத்த நிலையில்தான் இருக்கிறதா?" விற்றாயிற்று என்றால் துண்டுச்சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கட்டும். பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மெமரி கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். மணிக்கணக்கில் காத்திருக்கும் பொருள்கள் லட்சக்கணக்கில் என்றால் இந்த யோசனை செல்லாது, அப்போது வேறு ஏற்பாடு பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பத்தாவது நிமிடத்தின் கடைசி நொடியில் வங்கியிலிருந்து பணம் வந்த செய்தி வருகிறது. அதே நொடியில் டிலே க்யூ துண்டுச்சீட்டை வெளியே தள்ளுகிறது. ஒரு த்ரெட் "விற்றாயிற்று" என்று எழுதப் போகிறது, இன்னொன்று "காலி" என்று எழுதப் போகிறது. இரண்டுமே எழுதுவதற்கு முன் பார்த்தபோது "பிடித்து வைத்தது" என்றுதான் இருந்தது. இந்தப் போட்டியை டிலே க்யூ தீர்த்து வைக்காது, அதன் வேலையும் அது இல்லை. பார்ப்பதும் மாற்றுவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்க வேண்டும்: பிடித்து வைத்த நிலையில் இருந்தால் மட்டும் மாற்று, இல்லையென்றால் தோற்றுப் போ. அட்டாமிக் ரெஃபரன்ஸின் கம்பேர்-அண்ட்-செட் அதைத்தான் செய்யும். டேட்டாபேஸில் என்றால் நிபந்தனையோடு கூடிய ஒரே அப்டேட். தோற்றவன் பணம் என்றால் அதைத் திருப்பி அனுப்பும் வழியும் எழுதி வைத்திருக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் வரிசையைக் கவனமாக எழுதிவிட்டு இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

"இன்னும் ஐந்து நிமிடம் நீட்டிக்கலாமா?" என்று ஒரு பொத்தான் வைத்தால்? உள்ளே கிடக்கும் பொருளின் நேரத்தைப் போய் மாற்றாதே. நாம் மாற்றியது ஹீப்புக்குத் தெரியாது, அது பழைய இடத்திலேயே வைத்திருக்கும், வரிசை குழம்பும். புது நேரத்தோடு புதுத் துண்டுச்சீட்டு ஒன்றைப் போடு, அதில் ஒரு பதிப்பு எண் வை. பழையது வெளியே வரும்போது எண் பொருந்தவில்லை என்றால் கிழித்துப் போடு.

இதற்குள் புட்டும் கடலையும் வந்துவிட்டன. மீதியைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன், அதனால் சுருக்கமாக. ஒன்று, ப்ளாக்கிங் என்ற பெயர் இங்கே எடுக்கும் பக்கத்துக்கு மட்டும்தான். டிலே க்யூவுக்கு மேல் வரம்பு இல்லை, போடுபவன் ஒருபோதும் காத்திருக்க மாட்டான், மெமரி தீரும்வரை போட்டுக்கொண்டே இருப்பான். வரம்பு வேண்டுமென்றால் ஒரு சமயத்தில் இத்தனை பேர்தான் என்று கணக்கு வைக்கும் செமஃபோர் போன்ற எதையாவது நாமே முன்னால் வைக்க வேண்டும். இரண்டு, நேரத்துக்கு முன் வராது என்பது மட்டும்தான் வாக்குறுதி. சரியாக அந்த நொடியில் வரும் என்று யாரும் சொல்லவில்லை. எடுப்பவர்கள் எல்லோரும் வேறு வேலையில் மாட்டியிருந்தால் வெந்தது அடுப்பிலேயே கிடக்கும். மூன்று, எல்லாம் மெமரியில் இருக்கிறது. சர்வரை நிறுத்தி ஓட்டினால் வரிசை காலி, பிடித்த சீட் பிடித்தபடியே கிடக்கும். ஆகவே முடியும் நேரத்தைச் சுவர்க் கடிகாரக் கணக்கில் டேட்டாபேஸிலும் எழுதி வை. மறுபடி கிளம்பும்போது படித்து, பாக்கியைக் கணக்கிட்டு, வரிசையை நிரப்பிக்கொள்ளலாம்.

"அப்ப பெரிய பெரிய இடத்துல எல்லாம் இதத்தான் வைப்பாங்களா?" என்றான்.

ஒரு வேலையைக் குறிப்பிட்ட நேரம் கழித்து ஓட்டு என்பது மட்டும்தான் தேவை என்றால், ஷெட்யூல்டு எக்ஸிக்யூட்டர் போதும். அதன் உள்ளேயும் இதே போன்ற தாமத வரிசைதான் இருக்கிறது, த்ரெட்களையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஓட்ட வேண்டிய வேலையாக இல்லாமல் கையில் எடுத்து ஆராய வேண்டிய பொருளாக இருந்தால் டிலே க்யூ. பல சர்வர்களுக்குப் பொதுவாக வேண்டுமென்றால் இரண்டும் உதவாது. மெமரியில் இயங்கும் டேட்டாபேஸான ரெடிஸில், மதிப்பெண் வரிசையில் அடுக்கி வைக்கும் சார்ட்டட் செட்டில் முடியும் நேரத்தை மதிப்பெண்ணாகப் போட்டு வைப்பார்கள். அமேசானின் செய்தி வரிசைச் சேவையான எஸ்க்யூஎஸ்ஸில் தாமதம் உண்டு, ஆனால் அதிகபட்சம் 15 நிமிடம். நிரல்களுக்கிடையே செய்தி கடத்தும் காஃப்கா செய்ததுதான் எனக்குப் பிடித்தது. லட்சக்கணக்கான காத்திருப்புகளைத் தனித்தனியாக ஹீப்பில் போடாமல், நேரத்துண்டு வாரியாகக் கூடைகளில் போட்டுச் சக்கரம் போல அடுக்கி, அந்தக் கூடைகளை மட்டும் டிலே க்யூவில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சக்கர யோசனை ஜார்ஜ் வர்கீஸும் டோனி லாக்கும் 1987இல் எழுதியது.

கை கழுவிவிட்டு வந்ததும் அவனுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். மூன்று பொருள்களை 8, 3, 5 விநாடித் தாமதத்தோடு இந்த வரிசையில் போடு. ஒரு தனி த்ரெட் டேக் செய்து, எத்தனையாவது விநாடியில் எது வந்தது என்று அச்சடிக்கட்டும். ஆரம்பித்து ஒரு விநாடி கழித்து, 1 விநாடித் தாமதத்தோடு நான்காவது ஒன்றை உள்ளே தள்ளு. ஓட்டுவதற்கு முன் விடையைத் தாளில் எழுது.

ராத்திரி பதினொரு மணிக்குப் படம் அனுப்பினான். 2, 3, 5, 8. தாளிலும் அதுவே. நான்காவதாகப் போட்டது முதலில் வந்திருந்தது, லீடர் சரியாக எழுப்பப்பட்டிருக்கிறான். கீழே ஒரு வரி: "எல்லாம் சரியா வருதுண்ணே, ஆனா புரோகிராம் நிக்கவே மாட்டேங்குது."

நிற்காதுதான். வரிசை காலி, டேக் செய்தவன் அடுத்த பொருளுக்காகப் படுத்துக் கிடக்கிறான், யாரும் எதுவும் போடப்போவதில்லை. அவனை எழுப்பி அனுப்ப இரண்டு வழி. த்ரெட்டை இன்டரப்ட் செய்யலாம். டேக் ஒரு எக்ஸெப்ஷனை எறிந்துவிட்டு வெளியே வரும். அதைச் சுற்றுக்கு உள்ளேயே பிடித்து விழுங்கிவிட்டால் அவன் திரும்பவும் போய்ப் படுத்துக்கொள்வான், அதனால் சுற்றையும் சேர்த்து உடைக்க வேண்டும். இன்னொரு வழி, "கடை மூடியாச்சு" என்று அடையாளம் வைத்த ஒரு பொருளை வரிசையிலேயே போடுவது, எடுப்பவன் அதைக் கண்டால் கிளம்பிவிடுவான். எடுப்பவர்கள் மூன்று பேர் என்றால் அப்படி மூன்று வேண்டும். சாதாரண க்யூவில் கடைசியாகப் போட்டால் அது கடைசியாக வரும். இங்கே அப்படி இல்லை. பூஜ்யத் தாமதத்தோடு போட்டால், நேரம் வராத அத்தனை பேரையும் தாண்டி முன்னால் வந்துவிடும், மீதித் துண்டுச்சீட்டுகள் உள்ளேயே கிடக்கும். அதற்கும் ஒரு நேரம் கொடுக்க வேண்டும்.

இதை அனுப்பிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் இன்னொரு படம். ஆரம்பத்திலேயே அந்த மூன்று பொருள்களோடு, 9 விநாடித் தாமதத்தோடு "கடை மூடியாச்சு" என்று ஒன்றைச் சேர்த்திருந்தான். 2, 3, 5, 8, பிறகு 9இல் நிரல் நின்றிருந்தது.